கட்டிலுக்கு அடியில் 74 படங்கள்

கேள்வி: சார், எனக்கு 46 வயது. குடியாத்தம். பதினைந்து வயதில் ஒரு மாஸ்டரிடம் சேர்ந்து போர்டு எழுதக் கற்றுக்கொண்டேன். பிளக்ஸ் வந்த பிறகு கடை போர்டு போய்விட்டது. பள்ளிக்கூடச் சுவர், கோயில் வர்ணம், வண்டி நம்பர் என்று கிடைத்ததைச் செய்கிறேன். 2020 மார்ச் கடைசியில் எல்லாம் நின்றுபோனதும் வீட்டிலிருந்த ஷூ பெட்டி அட்டையிலும் காலண்டர் அட்டையிலும் சும்மா வரைய ஆரம்பித்தேன். அந்த வருட ஊரடங்கு, அடுத்த வருட ஊரடங்கு இரண்டும் சேர்த்து 74 படம் ஆகிவிட்டது. கையில் காசில்லை, ஆனால் மனசு அவ்வளவு நிறைவாக இருந்த காலம் எனக்கு வேறு இல்லை. 2021 மே மாதம் என்னை வளர்த்த பெரியம்மா கொரோனாவில் போய்விட்டார். முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. அந்த வாரமும் நான் வரைந்தேன். ஊரே அழுதபோது நான் மட்டும் சந்தோஷமாக இருந்திருக்கிறேனே என்று இப்போது நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை. வேலை திரும்ப வந்துவிட்டது, ஆனால் எனக்கென்று ஒரு கோடு போட முடியவில்லை. அன்றைக்கு நேரமும் அமைதியும் இருந்தது, இன்றைக்கு இரண்டும் இல்லை. படங்கள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன, போன மழையில் சிலவற்றில் பூஞ்சை பிடித்துவிட்டது. மூன்றை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். நான் ஆர்ட்டிஸ்ட்தானா, இல்லை அது ஊரடங்கோடு வந்து ஊரடங்கோடு போய்விட்டதா? இவற்றை வைத்துக்கொள்வதா, தூக்கிப் போடுவதா?

பதில்:

அன்புள்ள தம்பி,

முதலில் அவசரமான விஷயம். ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். பூஞ்சை பிடித்த அட்டைகளை ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம், வெயிலில் காயப்போடவும் வேண்டாம். அவற்றை மட்டும் மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்று வருகிற நிழலில், ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் சாய்த்து வைத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். எப்படிச் சுத்தம் செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

உங்கள் படங்களை முதலில் போனில் பார்த்தேன், போதவில்லை, மகனுடைய கம்ப்யூட்டரில் பெரிதாக்கி ஒரு சாயங்காலம் முழுக்கப் பார்த்தேன். நான் 29 வருடம் அரசுப் பள்ளிகளில் டிராயிங் மாஸ்டராக இருந்தவன். பழைய வட ஆற்காட்டில் சோளிங்கர், ஆற்காடு, ஆம்பூர் என்று மாற்றல் வந்த இடமெல்லாம் போய்விட்டு, இப்போது வேலூர் சைதாப்பேட்டையில் இருக்கிறேன். நடுவில் மூன்று வருடம் உங்கள் குடியாத்தத்திலும் இருந்தேன். காலையில் பள்ளிக்கு நடந்து போனால் தெரு முடிகிற வரைக்கும் தறிச் சத்தம் கூடவே வரும். அதனால் உங்கள் இரண்டாவது படத்தைப் பார்த்ததும் அந்தச் சத்தம் சட்டென்று நின்றுபோன மாதிரி இருந்தது எனக்கு.

முதல் படத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கெங்கையம்மன் சிரசு, உங்கள் ஊர்த் திருவிழாவில் ஊர்வலமாக வருகிற அம்மன் தலை. 2020-ல் திருவிழா வழக்கம்போல் நடக்கவில்லை, முத்தியாலம்மன் கோயிலிலிருந்து சிரசு ஊர்வலம் கூட்டத்தோடு வரவில்லை, அந்த ஏக்கத்தில் வரைந்தது என்று எழுதியிருந்தீர்கள். ஏக்கம் உண்மை. ஆனால் படத்தில் அது தெரியவில்லை. கண், மூக்குத்தி, கிரீடம், மாலை எல்லாம் சுத்தமாக, அளவாக இருக்கின்றன. வருடா வருடம் பேனருக்கு வரைந்து பழகிய கை அது, தன் பாட்டுக்கு வரைந்துவிட்டுப் போயிருக்கிறது. விழாக் கமிட்டி கேட்டிருந்தாலும் இதே அம்மனைத்தான் கொடுத்திருப்பீர்கள்.

தறி அப்படி இல்லை. பக்கத்து வீட்டுக் குழித்தறி. பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஏற்றியது ஏற்றியபடி, பாதி லுங்கியோடு நின்றுவிட்டது. குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா ஓரமாகக் கிடக்கிறது. மிதி இருக்கிற குழிக்குள் ஒரு பூனை சுருண்டு படுத்திருக்கிறது. அந்த லுங்கியின் நீலத்தை விட்டு என் கண் நகரவே இல்லை. ஊரில் ஒரு கடை திறக்காத சமயத்தில் இப்படி ஒரு நீலம் எங்கே கிடைத்தது என்று கேட்கத்தான் உங்களுக்குப் போன் போட்டேன். "நீலமே இல்லை சார், அது தீர்ந்து ரொம்ப நாளாச்சு, கருப்பையும் வெள்ளை பிரைமரையும் கலந்தேன்" என்றீர்கள். போனை வைத்துவிட்டுத் திரும்பப் போய்ப் பார்த்தேன். ஆமாம், வெறும் சாம்பல். சுற்றிலும் ரெட் ஆக்சைடை இழுத்திருக்கிறீர்கள், தறி மரம், சுவர், தரை எல்லாம் அந்தச் செங்காவி. செங்காவிக்குப் பக்கத்தில் சாம்பலை வைத்தால் கண் அதை நீலமாக எடுத்துக்கொள்ளும். இதை நான் வருடா வருடம் நிறச் சக்கரம் வரைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அவர்களும் பரீட்சைக்கு எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. டப்பாவில் மூன்று நிறம்தான் மிச்சம், பார்க்கிற லுங்கியோ நீலம், என்ன செய்வது என்று அந்த அட்டையோடு மல்லுக்கட்டி நீங்களே கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

அப்புறம் அந்தப் பூனையின் காது. படத்தில் மற்ற விளிம்புகள் எல்லாம் போர்டு எழுதுகிறவரின் விளிம்புகள், தறியின் கால்கூட 'ட' எழுத்து மாதிரி வெட்டினாற்போல் நிற்கிறது. பூனையின் இடது காது மட்டும் எங்கே முடிகிறது, குழியின் இருட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியவில்லை. அந்த ஓர் அங்குலத்தில் இத்தனை வருடப் பழக்கத்தை உங்கள் கை மறந்திருக்கிறது. ஆர்ட்டிஸ்ட்தானா என்று கேட்டீர்களே, எனக்கு அந்தக் காது போதும். இந்தக் கேள்வியை இத்தோடு விட்டுவிடுங்கள்.

இப்போது, ஊரடங்கோடு போய்விட்டதா என்பது. நேரமும் அமைதியும் இருந்ததால் வரைந்தேன் என்கிறீர்கள். உங்களிடம் பேசிய பிறகு எனக்கு அது சரியாகப் படவில்லை. என்ன அமைதி இருந்தது அந்த வீட்டில்? ஒரே ஹால், ஐந்து பேர், இருக்கிற ஒரு போனில் மகளுக்கு ஆன்லைன் கிளாஸ், அதே போனுக்குப் பையன் அழுகை, தலைக்கு மேல் தகர ஷீட், கத்திரி வெயில். ரேஷனில் கொடுத்த 1000 ரூபாய் எத்தனை நாளைக்கு வந்தது என்றும் சொன்னீர்கள், குழுக் கடனுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்றும் சொன்னீர்கள். இதை யாரும் அமைதி என்று சொல்ல மாட்டார்கள். நேரமும் அப்படித்தான். நாள் முழுக்க வீட்டில் இருந்தீர்கள், ஆனால் வரைந்தது எப்போது? விடிந்து ஆறு மணிக்கு, பக்கத்து வீட்டுத் தறிக்கூடத்துக் கதவோரம் உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் வெயில் ஏறுகிற வரைக்கும். ஏழரை ஆனால் ஷீட் கொதிக்க ஆரம்பித்துவிடும், எழுந்துவிடுவேன் என்றீர்கள். ஆக ஒன்றரை மணி நேரம். 74 படமும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் வந்தவை. அந்த ஒன்றரை மணி நேரம் இன்றைக்கும் உங்கள் வீட்டில் இருக்கிறது, சுவர் வேலைக்கு நீங்கள் கிளம்புவது ஒன்பது மணிக்குத்தானே.

வேறு ஒன்று இருந்தது அப்போது. யாரும் கேட்காத படத்தை வரைந்தீர்கள். பதினைந்து வயதிலிருந்து நீங்கள் போட்ட ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு முதலாளி இருந்திருக்கிறார். எழுத்து எத்தனை அங்குலம், என்ன கலர், எந்தத் தலைவர் படம் பெரிதாக, எந்தத் தலைவர் சின்னதாக, எப்போது முடியும், மீதிப் பணம் எப்போது, இத்தனையையும் மனசில் வைத்துக்கொண்டு நூல் அடித்துக் கோடு போட்டவர் நீங்கள். ஊரடங்கில்கூட முதல் மாதம் பல ஊர்களில் ஆர்ட்டிஸ்டுகளைக் கூப்பிட்டு நாற்சந்தியில் பெரிய கொரோனா உருண்டை வரையச் சொன்னார்கள், உங்களுக்கும் அப்படி ஒரு வேலை வந்தது என்றீர்கள். நல்ல வேலைதான் அது, ஜனங்களுக்குத் தேவைப்பட்டது. ஆனால் ரோட்டில் அந்த உருண்டையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து தறியைப் பார்த்தீர்களே, அப்போது எந்தக் கமிட்டியும் உங்களை இதை வரை என்று சொல்லவில்லை. அதுவும் ஒரே தறி, ஒரே கதவோரம், ஒரே நேரம், வேறு எங்கேயும் போக வழியில்லை. முதல் நாள் எல்லாருக்கும் தறி தெரியும். பதினைந்தாவது நாள்தான் பாவு நூலில் படிந்த தூசி தெரியும், அந்தத் தூசியில் பூனை நடந்த தடம் தெரியும்.

இத்தாலியில் போலோன்யா என்ற ஊரில் ஜார்ஜோ மொராண்டி என்று ஓர் ஓவியர் இருந்தார், 1890-ல் பிறந்து 1964-ல் இறந்தவர். அம்மா, மூன்று தங்கைகள், இவர், எல்லாரும் ஒரே வீடு. தூங்குகிற அறைதான் வரைகிற அறை. வாழ்நாளில் பெரும்பகுதி அந்த அறைக்குள் நாலு பாட்டில், ஒரு கூஜா, இரண்டு டப்பா என்று மேசை மேல் வைத்து, அவற்றையே ஓர் அங்குலம் இப்படி, ஓர் அங்குலம் அப்படி நகர்த்தி நகர்த்தி வரைந்தார். அவரை எந்த அரசாங்கமும் வீட்டில் அடைத்து வைக்கவில்லை. அந்தப் பாட்டில்களில் அவருக்குப் பார்த்துத் தீரவில்லை, அவ்வளவுதான். உங்கள் தறி அந்த மாதிரி ஒன்று.

சரி, இப்போது ஏன் கை வரவில்லை? எதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள் என்று கேட்டேன். "கேன்வாஸ் வாங்கினேன் சார், 24 கலர் அக்ரிலிக் செட் வாங்கினேன், பெரிதாக ஒன்று பண்ணிவிடலாம் என்று" என்றீர்கள். பிசகு அங்கேதான். அந்தக் கேன்வாஸ் காசு கொடுத்து வாங்கியது, பாழாகக்கூடாது, பெரிதாக வரவேண்டும், நாலு பேர் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொல்லவேண்டும் என்று உட்காரும்போதே அது கேட்கிறது. முதலாளி இல்லாமல் வரைந்த ஆள் நீங்கள், இப்போது கேன்வாஸையே முதலாளியாக உட்காரவைத்துவிட்டீர்கள். அதைச் சுருட்டிப் பீரோ மேல் போடுங்கள், கெட்டுப்போகாது. திரும்ப ஷூ பெட்டி மூடிக்குப் போங்கள், நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமா, ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் கேட்டால் அட்டை அட்டையாகக் கொடுப்பார்கள். ரெட் ஆக்சைடு, கருப்பு, வெள்ளை. மூன்றே டப்பா. நாலாவது டப்பா வேண்டும் என்று தோன்றினால், அந்த நீலத்தை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று தறிப் படத்தை எடுத்து ஒருமுறை பாருங்கள்.

எதை வரைவது என்று யோசிக்கவும் வேண்டாம். அந்தத் தறி இப்போது ஓடுகிறது என்றீர்கள். ஓடுகிற தறியை வரையுங்கள். நின்ற தறி உங்களுக்காகக் காத்திருந்தது, இது காத்திருக்காது, நாடா எங்கே இருக்கிறது என்று கண்ணால் பிடிப்பதற்குள் மறுபக்கம் போயிருக்கும், பாவு நூலைப் பிரிக்கிற விழுது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், நெய்கிறவரின் தோள் மட்டும் ஓர் அளவோடு அசையும். முதல் இருபது அட்டை வீணாய்ப் போகட்டும். எதிர்ச் சுவரில் வெயில் வந்ததும் எழுந்துவிடுங்கள், படம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை, போர்டுக்காரர் கை என்பதால் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழ வேண்டும் என்று அரிக்கும், எழுந்துவிடுங்கள். கொஞ்ச நாளைக்கு ஸ்டேட்டஸில் போடவும் வேண்டாம். அன்றைக்கு நீங்கள் யாருக்கும் காட்டவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அன்றைக்குச் செய்ததைத் திரும்பச் செய்யாதீர்கள். எனாமலும் தின்னரும் அடைத்த ஹாலுக்குள் வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் மூச்சு விடுகிற இடம் அது. வீட்டுக்குள் என்றால் எமல்ஷன், எனாமல் என்றால் திண்ணை.

மூன்றாவது படத்தைப் பற்றி எழுத இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கம், மேலே ஆணியில் மாட்டுகிற ஓட்டை அப்படியே இருக்கிறது. பெரியம்மாவின் சுருக்குப்பை, வேறு எதுவும் இல்லை. கயிறு தளர்ந்து கிடக்கிறது, வாயோரம் ஒரு கொட்டைப்பாக்குத் துண்டு. கருப்பு எனாமல். பையின் அடியில் பெயிண்ட் அதிகமாகி வழிந்து, இரண்டு விரல்கடை கீழே இறங்கிக் காய்ந்திருக்கிறது. ஒரு போர்டு ஆர்ட்டிஸ்ட் வழிந்த பெயிண்டை விடவே மாட்டார், பிரஷ் நுனியால் உடனே எடுத்துவிடுவார், சின்ன வயதில் மாஸ்டரிடம் அடி வாங்கிக் கற்றுக்கொண்டது அது. அதை நீங்கள் விட்டிருக்கிறீர்கள். பார்க்கவில்லையா, பார்த்தும் எடுக்கவில்லையா என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்தப் படத்தை வரைந்த ஆள் அந்த வாரம் சந்தோஷமாக இருந்தார் என்று நீங்களே வந்து சத்தியம் செய்தாலும் நான் நம்பமாட்டேன் தம்பி.

அதே மே மாதத்தில் என் அண்ணன் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மயானம். நாலு பேருக்குத்தான் அனுமதி, நான் எட்ட நின்றேன், முகத்தை நானும் பார்க்கவில்லை. அப்புறம் ஏழு மாதம் பென்சிலைத் தொடவில்லை. வரையவே பிடிக்கவில்லை. உங்கள் கணக்கு சரி என்றால், வரையாத எனக்கு அண்ணன் மேல் பாசம் அதிகம், வரைந்த உங்களுக்குப் பெரியம்மா மேல் பாசம் குறைவு என்று ஆகும். அப்படியா? சில பேருக்குக் கை நின்றுபோகும், சில பேருக்குக் கை நிற்காது. சாவு வீட்டில் பந்தல் கட்டுகிறாரே தாய்மாமன், அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போடுவதிலேயே கண்ணாக இருப்பார், ஒரு சொட்டுக் கண்ணீர் இருக்காது, அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் ஏதோ கல்யாணப் பந்தல் கட்டுகிற மாதிரிகூட இருக்கும். அவரை யாரும் தப்பாகச் சொல்வதில்லை. கைக்கு ஒரு வேலை கிடைத்ததால் அவர் அன்றைக்கு நிற்க முடிகிறது. உங்களுக்குப் பந்தல் கட்டக்கூட விடவில்லை, வாய்க்கரிசி போட விடவில்லை, தலைமாட்டில் விளக்கு ஏற்ற விடவில்லை. மிச்சமிருந்தது ஒரு பிரஷும் ஒரு காலண்டர் அட்டையும். அதை வைத்து நீங்கள் செய்ததுதான் அந்தப் படம்.

நார்வேயைச் சேர்ந்த ஓவியர் எட்வர்ட் மங்க், ஸ்பானிஷ் காய்ச்சல் உலகத்தையே வாரிக்கொண்டு போன சமயத்தில், 1919-ல், கலைந்த படுக்கைக்கு முன்னால் போர்வையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற தன்னையே வரைந்தார். வாய் லேசாகத் திறந்திருக்கும், கண் சரியாக இருக்காது. நூறு வருடம் கழித்து, அந்தக் காய்ச்சல் மனுஷனை என்ன செய்தது என்று பார்க்க நாம் அந்தப் படத்திடம்தான் போகிறோம். நம் பக்கத்தில் 2021 ஜூனில் ஓவியர் இளையராஜாவைக் கொரோனா கொண்டுபோனது, வீட்டுக்குள் விழுகிற வெளிச்சத்தில் நிற்கிற நம் ஊர்ப் பெண்களை அப்படியே கண்முன் நிறுத்தியவர். செய்தி வந்த அன்று என் பழைய மாணவர்கள் அவர் படங்களை ஒன்று மாற்றி ஒன்று அனுப்பிக்கொண்டே இருந்தார்கள், யாருக்கும் வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. அந்த வருடத்தில் வரைய முடிந்தவர்கள் வரைந்தது நல்லதற்குத்தான். உங்கள் 74-ல் தறி நின்றது இருக்கிறது, தெரு காலியாய்க் கிடந்தது இருக்கிறது, ஒரு பெரியம்மாவின் சுருக்குப்பை இருக்கிறது. குடியாத்தத்தில் ஒரு தெரு அந்த இரண்டு வருடம் எப்படி இருந்தது என்று நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளை கேட்டால் எடுத்துக் காட்ட வேறு என்ன இருக்கிறது?

ஆனால் தூக்கம் வரவில்லை என்றீர்களே, அதை நான் இந்தப் பதிலோடு முடித்துவிட மாட்டேன். வாரக்கணக்கில் அப்படி இருந்தால் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள், அல்லது 104-க்குப் போன் செய்து பேசுங்கள், காசு கிடையாது. துக்கம் சில சமயம் இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் வெளியே வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது.

இனி பூஞ்சை. நன்றாகக் காய்ந்த பிறகுதான் கை வைக்க வேண்டும், ஈரமாக இருக்கும்போது தொட்டால் உள்ளே தேய்ந்து கறையாகிவிடும். நிழலில் நாலைந்து நாள் காற்றாட இருந்தால் பூஞ்சை பொடியாகிவிடும். மாஸ்க் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, காற்று உங்கள் முகத்துக்கு எதிராக வராத பக்கம் நின்று, மெத்தென்ற உலர்ந்த பிரஷால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். அழுத்தக்கூடாது. அந்தப் பிரஷை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். கறை மிச்சமிருந்தால் இருக்கட்டும். எண்ணெய், வினிகர், டெட்டால் என்று யார் சொன்னாலும் தடவாதீர்கள், அட்டை ஊறி உப்பிவிடும். வேப்பிலையைப் படத்தின் மேலேயே பரப்பி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதுவும் கறை. வைக்க வேண்டும் என்று தோன்றினால் வசம்பைத் துணியில் முடிந்து ஓரமாகப் போடுங்கள், பூச்சிக்கு ஆகும்.

கட்டிலுக்கு அடியில் சிமெண்ட் தரை, அதுதான் ஈரத்தைக் கொடுத்தது. ஐப்பசி கார்த்திகையில் தரை வேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். தரையிலிருந்து ஒரு சாணாவது உயரத்தில் பலகை போட்டு, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, அதன் மேல் அடுக்குங்கள். நடுவில் செய்தித்தாள் வைக்காதீர்கள், மஞ்சளாகி அந்த மஞ்சளை அட்டைக்கும் கொடுக்கும். பிளாஸ்டிக் கவரும் வேண்டாம், நம் வேலூர் வெயிலுக்கு எனாமல் இளகி அதோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது படம் கவரோடு வரும். பட்டர் பேப்பர் வையுங்கள், ஏப்ரல் மே மாதத்தில் மட்டும் அடுக்கைப் பிரித்துத் தனித்தனியாகச் செங்குத்தாக நிறுத்துங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் என்ன படம், எந்த மாதம், எந்தப் பெயிண்ட் என்று பென்சிலால் எழுதுங்கள். பேனாவால் எழுதினால் முன்பக்கம் தடம் விழும். அப்புறம் 74-ஐயும் போட்டோ எடுங்கள், காலையில் நிழலில், பிளாஷ் இல்லாமல், படத்துக்கு நேர் எதிரில் நின்று, ஓரத்தில் ஒரு வெள்ளைத்தாள் வைத்து எடுத்தால் பின்னாடி நிறத்தைச் சரிபார்க்கலாம். மகளிடம் சொன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுவாள்.

ஷூ பெட்டி அட்டை நிரந்தரம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அது பழுக்கும், நொறுங்கும், பதினைந்து இருபது வருடத்தில் ஓரம் உதிர ஆரம்பிக்கும். இனி வரைகிற அட்டைகளுக்கு முன்பக்கமும் பின்பக்கமும் பிரைமர் ஒரு கோட் கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் அப்பளம் மாதிரி வளைந்துகொள்ளும். சுவருக்குப் பட்டி பார்க்காமல் பெயிண்ட் அடிக்க மாட்டீர்கள் இல்லையா, அதே அக்கறை அட்டைக்கும் வேண்டும். உங்கள் ஊரிலிருந்து மலையம்பட்டு ரொம்ப தூரமில்லை, ஆர்மாமலை குகைக்கு ஒரு தடவை போய் வாருங்கள். சமணர்கள் இருந்த இடம், குகைக்குள்ளேயே சுடாத பச்சைச் செங்கல்லால் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். ஏறக்குறைய எட்டாம் நூற்றாண்டில் அந்தப் பாறைக் கூரையில் பூச்சுப் பூசி, தாமரைக் குளம், கொடி, அன்னம் என்று வரைந்திருக்கிறார்கள். பூச்சு நிற்கிற இடத்தில்தான் படம் நிற்கிறது, பூச்சு விழுந்த இடத்தில் படமும் போய்விட்டது. காவி நிறம் இன்னும் கண்ணுக்குத் தெரியும். உங்கள் ரெட் ஆக்சைடும் காவியும் ஒரே இனம்தான், இரும்பிலிருந்து வருகிற நிறம், வெளுக்காது. நீங்கள் முதல் வருடம் சேர்த்த ரோஸ், எலுமிச்சை மஞ்சள் எல்லாம் வெளிச்சத்தில் வைத்தால் வெளுத்துப்போகலாம், அந்தப் படங்களைச் சுவரில் மாட்டாமல் அடுக்கிலேயே வையுங்கள்.

விற்பதா என்று மனைவி கேட்டார்கள் என்றீர்கள். அவர் கேட்டதில் தப்பில்லை, அந்த இரண்டு வருடம் வீட்டை ஓட்டியது அவர்தான். இந்த 74-ஐ மட்டும் இப்போது பிரிக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஒன்றாக இருந்தால்தான் அது அந்தக் காலம். இனிமேல் வரைவதில் யாராவது கேட்டால் தாராளமாகக் கொடுங்கள்.

ஆனால் காட்ட வேண்டும். நாலு வருடம் கட்டிலுக்கு அடியில் இருந்தது போதும். வேலூரில் ஹால் பிடிப்பது, திறப்பு விழா வைப்பது எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நானும் கூட வருகிறேன். முதலில் தறிப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போங்கள். அந்தத் தறி எத்தனை மாதம் நின்றது, அந்த மாதங்களில் அவர் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று உங்களைவிட அவருக்குத் தெரியும். படம் நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். பாவு சரியாக இருக்கிறதா, விழுது சரியாக இருக்கிறதா, நாடா அந்தப் பக்கம்தான் கிடந்ததா என்று கேளுங்கள். தப்பு இருந்தால் விரல் வைத்துக் காட்டுவார். அவர் என்ன சொன்னார் என்று எனக்குப் போன் செய்யுங்கள், காலையில் ஏழரைக்கு மேல்.